கடலூர் எண்ணும் புதுச்சேரி எண்ணும்: மருத்துவ வேதியியல் ஆய்விதழ்கள் என்ன செய்கின்றன

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் புதுச்சேரியில் ஒரு மருத்துவரிடம் காட்டினால், "இங்கேயும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று அவர் சொல்வது இந்தப் பகுதியில் பலருக்கும் பழகிப்போன ஒன்று. பெரும்பாலோர் இதைக் கமிஷன் விவகாரம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியும் சில இடங்களில் நடக்கலாம். என்றாலும், அதன் அடியில் நேர்மையான ஒரு கேள்வியும் இருக்கிறது. ஒரே ரத்தத்தை இரண்டு ஆய்வகங்கள் சோதித்தால் ஒரே விடை வருமா? வராவிட்டால் எது சரி, எவ்வளவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், வேறுபாடு எங்கே நுழைந்தது? இந்தக் கேள்விகளுக்காகவே உலகில் சில ஆய்விதழ்கள் அறுபது எழுபது ஆண்டுகளாக நடந்துவருகின்றன. நோயாளிகள் அவற்றின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கையில் வாங்கும் ரிப்போர்ட்டின் ஒவ்வொரு வரியிலும் அவற்றின் வேலை இருக்கிறது.

இந்தத் துறை தன் குறையைத் தானே அளந்து பார்த்ததிலிருந்து வளர்ந்தது. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெல்க், சண்டர்மேன் என்ற இருவர், ஒரே மாதிரியான கரைசல்களைப் பல மருத்துவமனை ஆய்வகங்களுக்கு அனுப்பி, வந்த விடைகளை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். ஏற்கத்தக்க விடைகளைவிட ஏற்க முடியாத விடைகளே அதிகமாக இருந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து, 1950-இல், லீவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் தொழிற்சாலைகளில் இருந்த தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தை மருத்துவ ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தார்கள். இன்று கடலூரிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ ஓரளவு ஒழுங்காக நடக்கும் எந்த ஆய்வகத்திலும், காலையில் முதல் நோயாளியின் மாதிரியை ஏற்றுவதற்கு முன் கன்ட்ரோல், அதாவது விடை முன்பே தெரிந்த மாதிரி, ஒன்றை ஓட்டி, அதன் புள்ளி கோட்டுக்குள் விழுகிறதா என்று பார்ப்பார்கள். அந்த வரைபடத்துக்கு அவ்விருவர் பெயரே இன்றும் வழங்குகிறது.

இப்படிப்பட்ட வேலைகள் பெருகியபோது அவற்றுக்கென்று தனி இதழ்கள் தேவைப்பட்டன. அமெரிக்க மருத்துவ வேதியியலர் சங்கம் 1955-இல் 'கிளினிக்கல் கெமிஸ்ட்ரி' இதழைத் தொடங்கியது. 1963-இல் ஜெர்மன் மொழியில், பெர்லினின் டி குரூய்ட்டர் பதிப்பகத்திலிருந்து இன்னொன்று வந்தது. அது 1976-இல் ஆங்கிலப் பெயருக்கு மாறி, 1991-இல் பெயரில் ஐரோப்பாவைச் சேர்த்துக்கொண்டு, 1998 முதல் 'கிளினிக்கல் கெமிஸ்ட்ரி அண்ட் லேபரட்டரி மெடிசின்' என்ற பெயரில் வெளிவருகிறது. மருத்துவ வேதியியலோடு ஆய்வக மருத்துவமும் பெயரில் சேர்ந்தது பொருளுள்ள மாற்றம். கருவியின் வேலையோடு நிற்காமல், ஊசி குத்துவதிலிருந்து மருத்துவர் முடிவெடுப்பது வரை முழுப் பாதையையும் இத்துறை தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டதை அது காட்டுகிறது. இன்று இது ஐரோப்பிய ஆய்வக மருத்துவக் கூட்டமைப்பின் அதிகாரபூர்வ இதழ். இந்தியாவில் மருத்துவ உயிர்வேதியியலர் சங்கம் 1986 முதல் தனக்கென்று ஓர் இதழை நடத்துகிறது.

இவை உண்மையில் என்ன செய்கின்றன என்பதை ஒரு பழக்கமான சோதனையைக் கொண்டு பார்க்கலாம். கல்லீரல் சோதனையில் எஸ்ஜிபிடி என்று ஒரு வரி இருக்கும். ஏஎல்டி என்றும் அச்சிடுவார்கள். அது ஒரு நொதி. சர்க்கரையைப் போல அதன் எடையை நாம் அளப்பதில்லை. அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதையே அளக்கிறோம். வெப்பநிலை கூடினால் நொதியின் வேகமும் கூடும். ஒரு காலத்தில் சில நாடுகளில் 25 டிகிரியிலும், வேறு சிலவற்றில் 30 டிகிரியிலும், இன்னும் சிலவற்றில் 37 டிகிரியிலும் இதை அளந்தார்கள். ஒரே மனிதரின் ரத்தம் மூன்று ஊர்களில் மூன்று எண்களைத் தந்தது, மூன்றும் அந்தந்த முறைப்படி சரி. சர்வதேச மருத்துவ வேதியியல் கூட்டமைப்பு, முக்கியமான நொதிகளுக்கு 37 டிகிரியில் முதன்மை ஒப்பீட்டு முறைகளை வகுத்து, 2002-இல் மேலே சொன்ன ஐரோப்பிய இதழில் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டது. கரைசலின் அமிலத்தன்மை என்ன, எந்தப் பொருள் எவ்வளவு, கலந்தபின் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பது வரை அதில் எழுதப்பட்டிருக்கிறது. வாசிக்க அலுப்பான எழுத்துதான். ஆனால் சந்தையில் முத்திரையிட்ட படிக்கல்லுக்கு இருக்கும் இடம்தான் இந்தத் துறையில் அந்தக் கட்டுரைகளுக்கு இருக்கிறது.

படிக்கல் இருந்தும் எடை மாறுவதற்கு வழி இருக்கிறது. ஏஎல்டி முழுமையாக வேலை செய்வதற்கு வைட்டமின் பி6-இலிருந்து வரும் ஒரு துணைப்பொருள் வேண்டும். ஒப்பீட்டு முறை அதைச் சேர்க்கச் சொல்கிறது. சந்தையில் கிடைக்கும் கிட்டுகளில் பல அதைச் சேர்க்காமல் வருகின்றன, அவற்றில் எண் சற்றுக் குறைவாக வரும். பி6 குறைவாக உள்ள நோயாளிகளிடம் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். ஒருவர் கடலூரில் ஒரு கிட்டிலும் புதுச்சேரியில் வேறொரு கிட்டிலும் சோதித்தால், கல்லீரல் மோசமாகாமலேயே எண் ஏறியிருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள நோயாளிக்கு வழியில்லை. ரிப்போர்ட்டில் முறையின் பெயரை அச்சிடுவது அதற்காகத்தான், அதையும் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள்.

அதே 2002-இல் அதே இதழில்தான் எச்பிஏ1சி சோதனைக்கான சர்வதேச ஒப்பீட்டு முறையும் வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் சோதனை என்று இதை எல்லாரும் அறிவார்கள். அந்தக் கட்டுரை ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி முனையைக் குறிப்பிட்ட ஒரு நொதியால் வெட்டியெடுத்து, சர்க்கரை ஒட்டிய துண்டையும் ஒட்டாத துண்டையும் தனித்தனியாக அளக்கும் வழியை நிலைநிறுத்தியது. எதை அளக்கிறோம் என்பதற்கு அதன் பிறகுதான் ஐயமற்ற வரையறை கிடைத்தது. அந்த முறைக்கென்று மில்லிமோல்/மோல் என்ற தனி அலகு உண்டு. நாம் பழகிய 7 சதவீதம் அந்த அலகில் 53, நீரிழிவு எல்லையான 6.5 சதவீதம் அதில் 48. இங்கே யாரும் அந்த அலகைச் சொல்வதில்லை, சொல்லாவிட்டாலும் குறையில்லை. நம் ஊர் கருவி காட்டும் சதவீதமும் அந்த ஒப்பீட்டு முறையோடு ஒரு சமன்பாட்டால் கட்டப்பட்டதுதான்.

எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் எச்பிஏ1சி-யில் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது, அது நம் பகுதிக்கு மிக நெருக்கமானது. சிவப்பணு எவ்வளவு நாள் வாழ்கிறது என்பதைப் பொறுத்தே சர்க்கரை அதில் ஒட்டுகிறது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில், சர்க்கரை அளவு ஏறாமலேயே எச்பிஏ1சி கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். மாறாக, ரத்தம் அழியும் நோய்களிலும், அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் குறைத்துக் காட்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. எச்பிஏ1சி 6.6 என்று வந்த ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8 என்றால், மாத்திரை எழுதுவதற்கு முன் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பார்ப்பதே முறை. ஆய்வகம் அந்தக் குறிப்பை ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரியாகச் சேர்த்தால் எத்தனையோ குழப்பம் குறையும்.

இரண்டு கருவிகளை ஒப்பிடுவதற்கே ஒரு கணித முறை வேண்டியிருந்தது, அதுவும் இந்த இதழிலிருந்தே கிடைத்தது. பாசிங், பாப்லாக் என்ற இருவர் 1983-இல், அது பழைய பெயரில் வந்துகொண்டிருந்த காலத்தில், அதை வெளியிட்டார்கள். சாதாரணமாக நாம் போடும் நேர்கோட்டுக் கணக்கு, ஒரு கருவியில் பிழையே இல்லை என்று வைத்துக்கொண்டு மற்றதன் மேல் எல்லாப் பிழையையும் ஏற்றும். இவர்கள் ஒவ்வொரு இரண்டு புள்ளிகளுக்கும் இடையே ஒரு கோடு போட்டு, அத்தனை கோடுகளின் சாய்வுகளையும் வரிசைப்படுத்தி, நடுவில் வருவதைச் சிறு திருத்தத்தோடு எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கருவிகளுக்கும் பிழை உண்டு என்று ஒப்புக்கொள்ளும் முறை இது. தறிகெட்டு விழும் ஓரிரு புள்ளிகளால் அது குலைவதும் இல்லை. புதிதாக ஒரு அனலைசர் வாங்கும் ஆய்வகம் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது இன்றும் இந்தக் கணக்கைப் போடுகிறது.

இதுவரை சொன்னது கருவிக்குள் நடப்பது. ஆனால் பிழையின் பெரும்பங்கு கருவிக்கு வெளியே இருக்கிறது என்பதை 1997-இல் இத்தாலியின் பாதுவா நகரைச் சேர்ந்த பிளெபானி, கர்ராரோ இருவரும் 'கிளினிக்கல் கெமிஸ்ட்ரி' இதழில் காட்டினார்கள். அவசர ஆய்வகம் ஒன்றில் 40,490 சோதனைகளில் 189 பிழைகளைக் கண்டுபிடித்து வகைப்படுத்தினார்கள். 68.2 சதவீதம் மாதிரி கருவிக்குள் போவதற்கு முன்பே நடந்தவை. கருவிக்குள் நடந்தவை 13.3 சதவீதம் மட்டுமே, மீதி விடை வந்தபின் நேர்ந்தவை. பத்து ஆண்டு கழித்து அதே இடத்தில் மறுபடி பார்த்தபோதும் முன்கட்டமே முதலிடத்தில் இருந்தது. இத்துறையின் கவனத்தைத் திருப்பிய கட்டுரைகளில் இதற்குத் தனி இடம் உண்டு.

அந்த முன்கட்டத்தை நம் ஊர் நிலையில் வைத்துப் பார்ப்போம். பண்ருட்டியில் ஒரு கலெக்ஷன் சென்டரில் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கிறார்கள். சாம்பல் மூடி டியூபில் ஊற்றுகிறார்கள். அதில் இருக்கும் சோடியம் ஃபுளூரைடு சர்க்கரை குறையாமல் காக்கும் என்பது எல்லாருடைய நம்பிக்கை. டியூபுக்குள் இருக்கும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, அவை சர்க்கரையைத் தின்றுகொண்டேயிருக்கும். பாதுகாப்பில்லாத டியூபில் சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும், வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். ஃபுளூரைடு இதைத் தடுக்கிறது, ஆனால் அது தடுக்கும் நொதி, அணுக்கள் சர்க்கரையை உடைக்கும் வேதிவினைச் சங்கிலியின் கடைசிப் பகுதியில் இருப்பதால், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு மணி நேரமாவது ஆகிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபுளூரைடு மட்டும் உள்ள டியூபில் இரண்டு மணி நேரத்தில் சராசரியாக 4.6 சதவீதம் குறைந்தது. சிட்ரேட் சேர்த்து அமிலமாக்கிய டியூபில் குறைந்தது 0.3 சதவீதம்தான்.

இதைக் கணக்காக்கிப் பார்த்தால் விஷயம் புரியும். எடுத்த நொடியில் ஒருவருடைய சர்க்கரை 128. நீரிழிவு எல்லை 126. டியூப் பெட்டியில் ஏறி, நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூர் வந்து, மற்ற இடங்களிலிருந்து வரும் டியூபுகளுக்காகக் காத்திருந்து, ஒன்பது மணிக்கு அணுக்களைப் பிரித்தெடுக்கும் கருவியில் சுழற்றப்படுகிறது. அப்போது அதில் இருப்பது 122. "சர்க்கரை இல்லை, எல்லையில் இருக்கிறது, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கருவி பழுதில்லை, கன்ட்ரோல் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது, டெக்னீஷியன் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார். பிழை வழியில் நடந்திருக்கிறது, எந்தத் தாளிலும் அதன் சுவடு இல்லை.

அப்படியானால் எல்லா டியூபையும் ஐஸில் வைத்துவிடலாமே என்று தோன்றும். சர்க்கரைக்கு அது நல்லது, பொட்டாசியத்துக்குக் கேடு. குளிரில் சிவப்பணுவின் சவ்விலுள்ள பம்பு நின்றுபோய், உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து, எண் பொய்யாக ஏறும். வெயிலில் பம்பு வேகமாக ஓடி முதலில் பொய்யாக இறங்கும், சர்க்கரை தீர்ந்தபின் ஏறும். குளிர்நாடுகளில் கோடை வந்தால் பொட்டாசியம் குறைவாகவும் குளிர்காலத்தில் அதிகமாகவும் வருவதைக் கண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது பருவக் கோளாறு. நமக்கோ அவர்களுடைய கோடை வெப்பம் மார்கழி நீங்கலாக ஏறத்தாழ ஆண்டு முழுதும் இருக்கிறது, கத்திரி வெயிலில் வண்டியின் பின்னால் கட்டிய பெட்டிக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

டியூபில் ஊற்றும் வரிசையும் இப்படித்தான். ஐரோப்பிய, லத்தீன் அமெரிக்கக் கூட்டமைப்புகள் சேர்ந்து 2018-இல் அந்த ஐரோப்பிய இதழில் ரத்தம் எடுப்பதற்கான விரிவான பரிந்துரையை வெளியிட்டன. நீல மூடிக்குப் பின் சிவப்பு, ஊதா மூடி அதற்குப் பின், சாம்பல் மூடி கடைசியில். ஊதா மூடியில் இருக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் எடிடிஏ உப்பில் பொட்டாசியம் இருக்கிறது, கால்சியத்தையும் அது பிடித்துக்கொள்ளும். சிவப்பு டியூபில் ரத்தம் போதவில்லை என்று ஊதா டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிட்டால், பொட்டாசியம் 8-க்கு மேலும் கால்சியம் 5-க்குக் கீழும் போன ரிப்போர்ட் வரும். நல்லபடியாக நடந்து வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அப்படி வந்தால், அனுபவமுள்ளவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். கொஞ்சமாகக் கலந்திருந்தால் பொட்டாசியம் 5.8 என்று நம்பும்படியாக வரும். அது அதைவிட ஆபத்தானது.

சரியாகவே எடுத்து, சரியாகவே அளந்தாலும் மனித உடம்பு நாளுக்கு நாள் கொஞ்சம் மாறிக்கொண்டுதான் இருக்கும். ஓர் எண் எவ்வளவு துல்லியமாக இருந்தால் போதும் என்பதை முடிவு செய்ய 2014-இல் இத்தாலியின் மிலான் நகரில் ஒரு மாநாடு கூடியது, அதன் ஒப்புதல் அறிக்கை அடுத்த ஆண்டு ஐரோப்பிய இதழில் வந்தது. நோயாளியின் சிகிச்சையில் அந்தப் பிழை என்ன செய்யும், உடம்பின் இயல்பான மாற்றம் எவ்வளவு, இன்றைய தொழில்நுட்பத்தால் எட்ட முடிந்தது எது என்ற மூன்று அடிப்படைகளை அது வைத்தது. இரண்டாவது அடிப்படை நோயாளிக்கும் உதவும். சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியேட்டினின் ஒருவரிடம் இயல்பாகவே சுமார் 4.5 சதவீதம் ஏறியிறங்கும். கருவியின் சிதறலையும் சேர்த்தால், இரண்டு ரிப்போர்ட்டுகளுக்கு இடையே 15 சதவீத அளவில் வேறுபாடு வந்தால்தான் உண்மையான மாற்றம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். 1.1 என்று இருந்தது 1.2 ஆனதற்காகச் சிறுநீரகம் போய்விட்டதாகத் தூக்கம் கெடுபவர்கள் எத்தனை பேர்! தைராய்டுக்கான டிஎஸ்எச் இன்னும் அலையும், அதில் ஏறத்தாழ பாதிக்குப் பாதி மாறினால்தான் கவலைக்குரிய மாற்றம். மருத்துவரிடம் கேட்காமல் மாத்திரையைக் கூட்டிக் குறைப்பதற்கு 3-லிருந்து 4-க்குப் போன டிஎஸ்எச் காரணமாகாது.

ஒரு கட்டுரை இந்த இதழ்களில் ஏறுவது எளிதல்ல. ஆசிரியர் படித்து, அதே துறையில் வேலை செய்யும் வேறு இருவரோ மூவரோ கேள்வி கேட்டு, திருத்தி, மறுபடி அனுப்பி, மாதக்கணக்கில் போகும். நோயறியும் சோதனையைப் பற்றிய ஆய்வு என்றால், எத்தனை பேரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை வெளிப்படையாக எழுத 2003-இல் ஸ்டார்ட் (STARD) என்ற பட்டியல் வகுக்கப்பட்டது. பல இதழ்கள் அதை ஒரே சமயத்தில் வெளியிட்டன. கிட்டை இலவசமாகத் தந்த கம்பெனி எது என்பதையும் எழுத வேண்டும். இவ்வளவு இருந்தும் பயனற்ற கட்டுரைகள் வருகின்றன. ஐம்பது நோயாளிகளிடமும் ஐம்பது ஆரோக்கியமானவர்களிடமும் ஏதோ ஒரு புரதத்தை அளந்து, வித்தியாசம் இருக்கிறது என்று முடிப்பவை ஏராளம். முதுநிலைப் பட்டத்துக்காக நம் நாட்டில் செய்யப்படும் ஆய்வுகளில் பல இந்த அச்சில் வார்த்தவை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். பண்ருட்டியிலிருந்து வந்த டியூபில் சர்க்கரை எவ்வளவு குறைந்தது என்பதை அளந்தால் அதைவிடப் பலமடங்கு பயன் உண்டு.

இங்கே அதற்கான ஆட்களும் இடமும் இல்லாமல் இல்லை. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சியாக 1964-இல் ஜிப்மர் உருவானது, கடலூர், விழுப்புரம் மாவட்ட மக்களுக்கு அதுவே பெரிய நம்பிக்கை. சிதம்பரத்தில் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வேலூர் சிஎம்சி, இந்திய மருத்துவ உயிர்வேதியியலர் சங்கத்தோடு சேர்ந்து நடத்தும் வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்தில் நாடெங்கும் ஆய்வகங்கள் பங்கேற்கின்றன. ஒரே மாதிரியை எல்லாருக்கும் அனுப்பி, விடைகளை ஒப்பிட்டு, நீ எங்கே நிற்கிறாய் என்று சொல்லும் திட்டம் அது. 1947-இல் பென்சில்வேனியாவில் செய்ததன் வளர்ந்த வடிவம் என்று சொல்லலாம். ஆனால் அந்த மாதிரி தயார் நிலையில் வருவதால், ஊசி முதல் சுழற்சி வரை நடக்கும் பிழையை அது காட்டாது. அதைக் காட்ட வேண்டியது உள்ளூர் ஆய்வுதான்.

படிப்பதற்கான தடை ஒன்று அண்மையில் பாதி விலகியிருக்கிறது. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 2025 முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிட்டது. நாம் அன்றாடம் ரத்தம் கொடுக்கும் தனியார் ஆய்வகங்கள் அதற்குள் வரவில்லை. கட்டணமின்றித் திறந்திருக்கும் கட்டுரைகளும் பரிந்துரைகளுமே அவர்களுக்குக் கிடைக்கும், அவையும் குறைவில்லை.

ஆய்வு என்றால் பெரிய செலவு என்று நினைக்க வேண்டியதில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு சில டஜன் தன்னார்வலர்களிடம் ரத்தம் எடுத்து, ஒரு டியூபை அப்போதே சுழற்றி, மற்றதை வழக்கமான பெட்டியில் பண்ருட்டியிலிருந்து கடலூருக்கும், பாகூரிலிருந்து புதுச்சேரிக்கும் அனுப்பி, சித்திரையில் ஒரு முறையும் மார்கழியில் ஒரு முறையும் ஒப்பிட்டால் போதும். பெட்டிக்குள் ஒரு சிறிய வெப்பமானியும், ஃபுளூரைடு டியூபுக்குப் பக்கத்தில் ஒரு சிட்ரேட் டியூபும் வேண்டும். இந்த வெப்பத்தில், இந்தத் தூரத்தில், இந்த டியூபில் எவ்வளவு குறைகிறது என்ற விடையை எந்த நல்ல இதழும் கவனித்துப் படிக்கும். வெப்பநாடுகள் அனைத்துக்கும் அது உதவும். தொடங்குவதற்கு முன் ரிப்போர்ட்டில் இரண்டு நேரங்கள் உண்மையாகப் பதிவாக வேண்டும்: ரத்தம் எடுத்த நேரம், ஆய்வகத்தில் டியூப் சுழன்ற நேரம். இப்போது பல இடங்களில் கவுண்டரில் பில் போட்ட நேரமே எடுத்த நேரமாக அச்சாகிறது. ஊசி குத்தும் ஊழியர் டியூபின் மேல் பேனாவால் மணியை எழுதும் வழக்கம் வந்தாலே, அந்த ஆய்வுக்கான முதல் தரவு அன்று காலையிலிருந்து சேரத் தொடங்கிவிடும்.